கழுத்தில் ஒரு கட்டி: எதற்கு விரைய வேண்டும், எதை விட்டுவிடலாம்

கழுத்து வலிக்கிறது என்று ஒருவர் ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார். எலும்பிலும் நரம்பிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில், 'தைராய்டின் வலது மடலில் 7 மி.மீ. கட்டி' என்று இருக்கிறது. வந்த வலிக்கு விடை கிடைக்கவில்லை, இல்லாத நோய்க்குப் பயம் வந்துவிட்டது. அன்றிரவே கைப்பேசியில் தேடுகிறார். நாலு பக்கம் புரட்டுவதற்குள் புற்றுநோய் என்ற சொல் கண்ணில் பட்டுவிடுகிறது. அப்புறம் தூக்கம் ஏது?

இன்றைக்குப் பல தைராய்டு கட்டிகள் இப்படித்தான் வெளியே தெரிகின்றன. கழுத்து ரத்தக்குழாய்க்கு எடுத்த ஸ்கேனிலோ, நெஞ்சுக்கு எடுத்த சி.டி.யிலோ, விபத்துக்குப் பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யிலோ தற்செயலாகச் சிக்குகின்றன. மற்றவர்களுக்குக் கண்ணாடி முன் நிற்கும்போது தெரியும், அல்லது யாராவது 'கழுத்துல என்ன, வீங்கின மாதிரி இருக்கே?' என்று கேட்கும்போது.

இரண்டு வகையினரும் கேட்கும் முதல் கேள்வி 'எனக்குக் கட்டி இருக்கிறதாமே?' என்பதுதான். அது அவ்வளவு உபயோகமான கேள்வி இல்லை. தேடிப் பார்த்தால் ஏராளமானவர்களுக்குக் கட்டி இருக்கும். எந்த மாதிரிக் கட்டி என்பதைத்தான் கேட்க வேண்டும். கடந்த முப்பது ஆண்டுகளில் தைராய்டு மருத்துவம் கற்ற பெரிய பாடமே அதுதான். பலரைத் தேவையில்லாமல் அறுத்த பிறகே அந்தப் பாடம் புரிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எவ்வளவு சகஜம்?

குரல்வளை மேட்டுக்குக் கீழே, மூச்சுக்குழாயின் முன்புறத்தை அணைத்தபடி இருக்கிறது தைராய்டு. இரண்டு பக்கமும் இரண்டு மடல்கள், நடுவில் அவற்றை இணைக்கும் மெல்லிய பகுதி. பெரியவர்களுக்கு 15 முதல் 25 கிராம் எடை இருக்கும். சாப்பாட்டில் வரும் அயோடினை எடுத்து, உடலின் எல்லா உறுப்புகளும் எந்த வேகத்தில் இயங்க வேண்டும் என்று சொல்லும் ஹார்மோனைத் தயாரிக்கிறது. இந்தச் சுரப்பிக்குள் ஓரிடத்தில் மட்டும் செல்கள் கூடுதலாகப் பெருகித் திரண்டால் அது கட்டி. சில திடமாக இருக்கும், சிலவற்றில் நீர் கோத்திருக்கும், பலவற்றில் இரண்டும் கலந்திருக்கும்.

அயோடின் போதுமான அளவு கிடைக்கும் நாடுகளில், கையால் தடவிப் பார்த்தால் சுமார் 5 சதவீதப் பெண்களுக்கும் 1 சதவீத ஆண்களுக்கும் கட்டி தட்டுப்படுகிறது. ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை வரிசையாக நிற்க வைத்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்த ஆய்வுகளில் 19 முதல் 68 சதவீதம் பேருக்குக் கட்டி இருந்தது. இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணம் கருவியின் நுணுக்கமும் பரிசோதிக்கப்பட்டவர்களின் வயதும். அமெரிக்காவில் 1955-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் நேரடியானது. உயிரோடு இருந்தபோது தைராய்டில் எந்தக் குறையும் தெரியாத 821 பேரின் உடல்களை இறந்த பிறகு பரிசோதித்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் கட்டி இருந்தது.

வயது கூடக் கூடத் தலை நரைப்பதைப் போலத்தான் இதுவும். பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். அயோடின் குறைவு ஒரு காரணம். தைராய்டைத் தன் உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் ஹாஷிமோட்டோ நோயில், சுரப்பி கரடுமுரடாகிக் கட்டி போலத் தோன்றுவதும் உண்டு. பலருக்குக் குறிப்பிட்ட காரணம் எதையும் சுட்ட முடியாது.

புற்றுநோய்? பரிசோதனைக்கு வரும் கட்டிகளில் 7 முதல் 15 சதவீதம். ஒருவரின் வயது, பால், குடும்ப வரலாறு, சிறுவயதில் கதிர்வீச்சு பட்டதா என்பதைப் பொறுத்து இந்த எண் ஏறும், இறங்கும். அப்படிப் புற்றுநோயாகவே இருந்தாலும் பத்தில் எட்டுக்கு மேல் பாப்பில்லரி என்ற வகை. மெதுவாக வளர்வது, பெரும்பாலும் முழுமையாகக் குணமாகக்கூடியது. இது பயப்பட வேண்டாம் என்று சொல்லும் ஆறுதல் வார்த்தை இல்லை. அடுத்து செய்யும் ஒவ்வொரு முடிவுக்கும் இந்தக் கணக்கு தேவைப்படும்.

எப்போது போக வேண்டும்?

கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். சின்னதோ பெரிதோ, வலிக்கிறதோ இல்லையோ, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் எவ்வளவு அவசரமாக என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

முதலில், கை வைத்த இடம் தைராய்டுதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கண்ணாடி முன் நின்று, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துப் பாருங்கள். தைராய்டு மூச்சுக்குழாயோடு ஒட்டியிருப்பதால் விழுங்கும்போது மேலே ஏறி இறங்கும். அதிலுள்ள கட்டியும் கூடவே ஏறும். ஆண்களுக்குத் துருத்திக்கொண்டிருக்கும் குரல்வளை மேட்டைக் கட்டி என்று நினைத்துப் பயந்து வருபவர்கள் உண்டு. தைராய்டு அதற்கும் கீழே, காறை எலும்புகளுக்குச் சற்று மேலே இருக்கிறது. தாடைக்கு அடியிலோ கழுத்தின் பக்கவாட்டிலோ தட்டுப்படுவது பெரும்பாலும் நெறிக்கட்டி. சளி, பல் தொந்தரவு வந்தால் அது வீங்கும், பிறகு வற்றும். இந்தக் கண்ணாடிப் பரிசோதனையை ஒருமுறை செய்து பார்த்தால் போதும். தினமும் கழுத்தை அழுத்திப் பார்ப்பது கவலையைத்தான் வளர்க்கும்.

தள்ளிப்போடக் கூடாத சில நிலைமைகள் இருக்கின்றன. கட்டி வாரக்கணக்கில் கண்ணுக்குத் தெரியும்படி வளர்வது அவற்றில் முக்கியமானது. மாதங்களாக, ஆண்டுகளாக மெல்ல வளரும் கட்டி வேறு. இந்த மாதம் நெல்லிக்காய் அளவு, அடுத்த மாதம் எலுமிச்சை அளவு என்றால் அது வேறு. அதுவும் அறுபது வயதைக் கடந்தவருக்கு, வருடக்கணக்கில் சும்மா கிடந்த கழலை திடீரென்று பெருத்துக் கல் போல இறுகினால், அந்த வாரமே பார்க்க வேண்டும். அனாபிளாஸ்டிக் என்ற அபூர்வமான, மிக வேகமான தைராய்டு புற்றுநோய் பெரும்பாலும் முதியவர்களுக்கு இப்படித்தான் வரும்.

அடுத்தது குரல். குரலை இயக்கும் நரம்பு தைராய்டின் பின்புறத்தை உரசியபடிதான் போகிறது. சளி, இருமல், கத்திப் பேசியது என்று எந்தக் காரணமும் இல்லாமல் குரல் கம்மி, இரண்டு மூன்று வாரம் ஆகியும் சரியாகவில்லை, கழுத்தில் கட்டியும் இருக்கிறது என்றால், அந்த நரம்பை ஏதோ தொடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கட்டியோடு சேர்ந்து கழுத்தின் பக்கவாட்டில் நெறிக்கட்டிகள் வந்து வற்றாமல் நிற்பது, கட்டி அசையாமல் ஒட்டிக்கொண்டிருப்பது, சாப்பாடு தொண்டையில் நிற்பது ஆகியவையும் இதே வரிசையில் வருபவை.

மூச்சு விடச் சிரமம் என்றால் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் காத்திருக்கும் விஷயமே இல்லை. மூச்சை இழுக்கும்போது சீழ்க்கை போலச் சத்தம் வந்தாலோ, படுத்தால் மூச்சடைத்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

உடம்பில் எதுவும் தெரியாவிட்டாலும், கடந்த காலம் சிலரைச் சீக்கிரம் போகச் சொல்லும். சிறுவயதில் தலைக்கோ கழுத்துக்கோ கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் அவர்களில் ஒரு பிரிவினர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்கா உட்படப் பல இடங்களில் டான்சில் வீக்கத்துக்கும் முகப்பருவுக்கும்கூடக் குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அதன் விளைவு இருபது முப்பது ஆண்டுகள் கழித்துத் தைராய்டில் தெரிந்தது. 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது வெளியான கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, மாட்டுப் பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் அப்போது 18 வயதுக்குள் இருந்தவர்களிடையே 2005-க்குள் 6,000-க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் பதிவாயின. குழந்தைகளின் தைராய்டு கதிர்வீச்சுக்கு அவ்வளவு எளிதில் பாதிக்கப்படும். குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் கட்டி வருவது அரிது, ஆனால் வந்தால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம். அதனால் அவர்கள் விஷயத்தில் பொறுத்திருந்து பார்ப்போம் என்று வீட்டிலேயே முடிவெடுக்கக் கூடாது.

ரத்த உறவில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குறிப்பாக மெடுல்லரி என்ற வகை. அதில் நாலில் ஒரு பங்கு ஒரே ஒரு மரபணுக் கோளாறால் குடும்பத்துக்குள் இறங்குவது. அந்த மரபணுக் கோளாறு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒன்று வாய்ப்பு. மரபணுப் பரிசோதனையில் முன்கூட்டியே கண்டுபிடித்துவிட முடியும்.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. 'வலிக்குது, அதனால் ஏதோ மோசம்' என்று நினைக்கத் தோன்றும். தைராய்டில் பெரும்பாலும் இது தலைகீழ். திடீரென்று ஒரே நாளில் கழுத்து வீங்கி வலித்தால், ஏற்கெனவே இருந்த நீர்க்கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். சில வாரங்களில் தானாகவே வற்றிவிடும். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு, காதுவரை இழுக்கும் வலியோடு தைராய்டு வீங்கினால் அது அழற்சியாக இருக்கலாம். இரண்டுக்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்தான், ஆனால் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காமலேதான் வளர்கிறது.

ரத்தப் பரிசோதனை நார்மல், அப்போது கவலையில்லையா?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். கட்டி தெரிந்ததும் ஓடிப்போய் டி.எஸ்.ஹெச். பரிசோதனை செய்துகொள்கிறார்கள். நார்மல் என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அல்லது டி.எஸ்.ஹெச். ஏறியிருந்தால் புற்றுநோய் என்று பயப்படுகிறார்கள். இரண்டும் சரியில்லை.

டி.எஸ்.ஹெச். என்பது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, 'இன்னும் கொஞ்சம் தயாரி' என்று தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. ஹார்மோன் போதவில்லை என்றால் அது கூடும், அதிகமானால் குறையும். சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அது சொல்லும். சுரப்பியின் உள்ளே என்ன உருவாகியிருக்கிறது என்பதைச் சொல்லாது. தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு ஹார்மோன் அளவுகள் நார்மலாகவே இருக்கும். சாதாரணக் கட்டி உள்ளவர்களுக்கும் அப்படியேதான்.

அப்படியானால் அந்தப் பரிசோதனை எதற்கு? டி.எஸ்.ஹெச். குறைந்திருந்தால் மட்டும் அது ஒரு வழியைக் காட்டும். கட்டியே சொந்தமாக ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கலாம். அதை உறுதிப்படுத்தச் சிறிதளவு கதிரியக்கப் பொருளைக் கொடுத்துப் படம் எடுப்பார்கள். அதைக் கட்டி அதிகமாக உறிஞ்சினால் அது 'சூடான' கட்டி. அப்படிப்பட்டவை புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது, பெரும்பாலும் கட்டிக்குள் மெல்லிய ஊசி போட்டுச் செல்களை எடுத்துப் பார்க்கும் ஊசிப் பரிசோதனைகூடத் தேவைப்படாது. ஆனால் நெஞ்சு படபடப்பு, எடை குறைதல், கை நடுக்கம் என்று ஹார்மோன் அதிகமானதால் வரும் தொந்தரவுகளுக்குச் சிகிச்சை வேண்டும். டி.எஸ்.ஹெச். நார்மலாகவோ கூடுதலாகவோ இருந்தால் இந்தப் படம் எடுப்பதால் பயன் இல்லை. கர்ப்பிணிகளுக்கு இதைச் செய்யவே கூடாது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலரும் கேட்டுத் தெரிந்துகொள்ளாதது. முடி கொட்டாமல் இருக்க, நகம் உடையாமல் இருக்க என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் நிறைய இருக்கும். சில ஆய்வக முறைகளில் அது டி.எஸ்.ஹெச்.சைக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனைக் கூட்டியும் பொய்யாகக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்திவிட்டு, மருத்துவரிடமும் சொல்லிவிடுவது நல்லது.

ஸ்கேனில் என்ன பார்க்கிறார்கள்?

கட்டியை எடைபோடும் வேலை பெரும்பாலும் அல்ட்ராசவுண்டில்தான் நடக்கிறது. கழுத்தில் ஜெல் தடவி, ஒரு கருவியை மெதுவாக உருட்டுவார்கள். வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. சி.டி.யில் தற்செயலாகத் தெரிந்த கட்டியையும் இதில் மறுபடி பார்த்தால்தான் விவரம் கிடைக்கும்.

ரிப்போர்ட் வந்ததும் எல்லோரும் அளவைத்தான் தேடுகிறார்கள். 3 சென்டிமீட்டரா, ஐயோ! 6 மில்லிமீட்டரா, அப்பாடா! அளவுக்கு ஒரு பங்கு உண்டு என்றாலும் தோற்றம்தான் முதலில். முழுக்க நீர் நிறைந்த கட்டி எவ்வளவு பெரிதானாலும் பெரும்பாலும் சாது. சிறுசிறு அறைகளாக ஸ்பாஞ்சு போலத் தெரியும் கட்டியும் அப்படித்தான். சுற்றியுள்ள திசுவைவிடக் கறுத்துத் தெரியும் திடமான கட்டி, பொடிப் பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் உள்ள கட்டி, ஓரம் சீராக இல்லாமல் கிளைகளாக நீட்டியிருக்கும் கட்டி, குறுக்கு வெட்டில் அகலத்தைவிட உயரம் அதிகமான கட்டி ஆகியவைதான் ரேடியாலஜிஸ்டை நிறுத்தி யோசிக்க வைப்பவை. கடைசியாகச் சொன்னது விசித்திரமாகப் படலாம். சாதாரணக் கட்டி திசு அடுக்குகளின் போக்கிலேயே படுத்து வளரும். புற்றுநோய் அடுக்குகளைக் குறுக்கே கிழித்துக்கொண்டு நிமிர்ந்து வளரும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இந்த அடையாளங்களுக்கெல்லாம் புள்ளி போட்டுக் கூட்டும் முறைகள் இருக்கின்றன. பரவலாக வழக்கத்தில் உள்ள ஒன்று டி-ராட்ஸ். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2017-ல் வெளியிட்ட அதன் வடிவத்தில் 1 முதல் 5 வரை தரம் உண்டு. 1, 2 என்றால் ஊசி வேண்டாம். 3 என்றால் கட்டி 2.5 செ.மீ. ஆன பிறகு, 4 என்றால் 1.5 செ.மீ. ஆன பிறகு, 5 என்றால் 1 செ.மீ. ஆன பிறகு ஊசிப் பரிசோதனை. ஒருவரின் 2 செ.மீ. கட்டியைச் சும்மா விட்டுவிட்டு, இன்னொருவரின் 1.1 செ.மீ. கட்டியை ஏன் குத்திப் பார்க்கச் சொன்னார்கள் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் இந்தத் தரம் எழுதப்படவில்லை என்றால் கேட்டு வாங்கலாம், தப்பில்லை.

ஒரே ஒரு கட்டி என்றால் ஆபத்து, பல கட்டிகள் என்றால் கவலை இல்லை என்ற பழைய நம்பிக்கை இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதை விட்டுவிடலாம். பல கட்டிகள் இருந்தால் ஒவ்வொன்றையும் அதன் தோற்றத்தை வைத்துத் தனித்தனியாகத்தான் எடைபோட வேண்டும்.

ஊசிப் பரிசோதனை

எஃப்.என்.ஏ.சி. என்று சீட்டில் எழுதியிருந்தால் பலருக்கு வயிற்றைப் பிசையும். கழுத்தில் ஊசியா! நடப்பது என்னவென்றால், தோள்களுக்கு அடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசி. ஸ்கேன் திரையில் அதன் நுனி கட்டிக்குள் போவதைப் பார்த்தபடியே சில நொடிகள் முன்னும் பின்னும் அசைப்பார்கள். அப்போது எச்சில் விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. இப்படி இரண்டு மூன்று முறை. ஊசிக்குள் வந்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, நோயியல் நிபுணர் நுண்ணோக்கியில் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். அன்றைக்குக் கழுத்து கொஞ்சம் வலிக்கும், லேசாகக் கன்றியிருக்கலாம். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்று சொல்பவர்களை நம்பி இதைத் தவிர்ப்பதற்கு நியாயம் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

முடிவு பெதஸ்டா என்ற ஆறு பிரிவு முறையில் வரும். அமெரிக்காவின் பெதஸ்டா நகரில் 2007-ல் நடந்த கூட்டத்தில் உருவான முறை என்பதால் அந்தப் பெயர். இரண்டாம் பிரிவு என்றால் சாதாரணக் கட்டி. புற்றுநோய் வாய்ப்பு 4 சதவீதம் அளவுக்குத்தான். ஆறாம் பிரிவு என்றால் 97 சதவீதம். முதல் பிரிவு என்றால் போதிய செல்கள் கிடைக்கவில்லை, மறுபடி குத்த வேண்டும் என்று பொருள். 'ஒன்றும் இல்லை' என்று அதைப் படித்துக்கொண்டு போய்விடக் கூடாது.

நடுவில் இருக்கும் மூன்றாம், நாலாம் பிரிவுகள்தான் மருத்துவர்களுக்கே தலைவலி. குறிப்பாகச் சந்தேகம் வருவது ஃபாலிக்குலர் வகையில். அதில் சாதாரணக் கட்டியின் செல்லும் புற்றுநோய்ச் செல்லும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரி இருக்கும். கட்டியைச் சுற்றியுள்ள உறையைக் கிழித்து வெளியே வந்திருக்கிறதா, ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். உறிஞ்சி எடுத்த செல்களில் உறை எப்படித் தெரியும்? முழுக் கட்டியையும் எடுத்து வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே இந்தப் பிரிவுகளில் ஊசியை மறுபடி போடுவது, செல்களில் மரபணு மாற்றங்களைத் தேடுவது, ஒரு மடலை மட்டும் அகற்றிப் பார்ப்பது என்று மூன்று வழிகள். எதைத் தேர்வது என்பது ஸ்கேன் தோற்றத்தையும் நோயாளியின் விருப்பத்தையும் பொறுத்தது. இந்த இடத்தில் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பது வீண் வேலை இல்லை.

அதிகமாகத் தேடினால் என்ன ஆகும்?

எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை தைராய்டு ஸ்கேன் எடுத்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றலாம். தென்கொரியா அதைக் கிட்டத்தட்டச் செய்தே பார்த்தது. 1999-ல் அரசு பிற புற்றுநோய்களுக்கான பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, கொஞ்சம் கூடுதல் கட்டணத்தில் தைராய்டு ஸ்கேனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனைகள் வழங்கின. 2011-ல் அங்கே தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் வீதம் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு ஆகிவிட்டது. உயிரிழப்பு? அசையவே இல்லை. முன்பு எவ்வளவோ அவ்வளவுதான். கண்டுபிடிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் தைராய்டை அறுத்து எடுத்துக்கொண்டார்கள். அப்படி அறுவை செய்துகொண்ட 15,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்தபோது, 11 சதவீதம் பேருக்குச் சுண்ணாம்புச் சத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகள் செயலிழந்திருந்தன. 2 சதவீதம் பேருக்குக் குரல் நாண் முடங்கியிருந்தது. இந்தக் கணக்கு 2014-ல் வெளியானதும் அங்குள்ள மருத்துவர்களே ஸ்கேனைக் குறைக்கச் சொன்னார்கள். அறுவைகள் சீக்கிரமே குறைந்தன.

இதன் பின்னால் இருக்கும் உண்மை கொஞ்சம் சங்கடமானது. பின்லாந்தில் 1985-ல் வெளியான ஆய்வு ஒன்றில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல், அவர்கள் வாழ்நாளில் அறியாத, எந்தத் தொந்தரவும் கொடுக்காத குட்டிப் பாப்பில்லரி புற்றுநோய் இருந்தது. தேடினால் கிடைக்கும், ஆனால் கிடைத்ததெல்லாம் ஆளைக் கொல்லாது.

ஜப்பானில் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனை வேறு வழியில் போனது. 1 செ.மீ.க்கு உட்பட்ட, பரவல் அடையாளம் இல்லாத பாப்பில்லரி புற்றுநோய்களை உடனே அறுக்காமல் கண்காணிக்கலாம் என்று மருத்துவர் அகிரா மியாவுச்சி அங்கே யோசனை சொல்ல, 1993-ல் தொடங்கினார்கள். புற்றுநோய் என்று தெரிந்தும் அறுக்காமல் விடுவது அன்றைக்குத் துணிச்சலான காரியம். 1,235 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், பத்தாண்டில் 8 சதவீதம் பேருக்குத்தான் கட்டி முன்பைவிட 3 மி.மீ.யோ அதற்கு மேலோ கூடியது, 3.8 சதவீதம் பேருக்குக் கழுத்து நெறிகளுக்குப் பரவியது. அவர்களுக்குப் பிறகு அறுவை செய்தார்கள். தைராய்டு புற்றுநோயால் யாரும் இறக்கவில்லை. இன்று உலகெங்கும் வழிகாட்டுதல்களில் இந்தக் கண்காணிப்பு ஒரு முறையான தேர்வாக இடம்பெற்றிருக்கிறது. அமெரிக்காவின் நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு, தொந்தரவு எதுவும் இல்லாத பெரியவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்றே 2017-ல் பரிந்துரைத்தது.

ஆகவே முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் தைராய்டு ஸ்கேனும் சும்மா சேர்ந்து வந்தால், எனக்குக் கட்டியும் இல்லை, குடும்பத்திலும் இல்லை, எதற்கு என்று கேட்கலாம். அதை வேண்டாம் என்று சொல்வதால் எதையும் இழந்துவிடப் போவதில்லை. கையில் தட்டுப்பட்ட கட்டியைக் காட்டாமல் இருப்பதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

அறுவை தேவைப்பட்டால்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தைராய்டு அறுவை என்றாலே மரண பயம்தான். ரத்தப்போக்கிலும் சீழிலும் பலர் இறந்தார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கர் என்ற அறுவை நிபுணர் கவனமாக, ரத்தம் கசியாமல், கிருமி அண்டாமல் அறுக்கும் முறையைச் செப்பனிட்டு இறப்பை 1 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். ஆனால் தைராய்டை முழுதாக எடுத்துவிட்டவர்கள் பிறகு உடல் ஊதி, மந்தமாகிப்போனதை 1883-ல் அவரே பதிவு செய்தார். தைராய்டு இல்லாமல் உடம்பு ஓடாது என்பது அப்போதுதான் தெளிவாகப் புரிந்தது. 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைக்கு அந்தப் பயம் தேவையில்லை, ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். முழுச் சுரப்பியும் போகிறதா, ஒரு மடல் மட்டுமா? முழுதாக எடுத்தால் வாழ்நாள் முழுக்கத் தினமும் மாத்திரை. ஒரு மடல் இருந்தால் பலருக்கு மாத்திரையே தேவைப்படாது. 4 செ.மீ.க்கு உட்பட்ட, வெளியே பரவாத பல பாப்பில்லரி புற்றுநோய்களுக்கு ஒரு மடலை எடுத்தாலே போதும் என்று 2015-ல் வந்த அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்லியிருக்கிறது. அடுத்து, அறுவை செய்பவர் வருடத்துக்கு எத்தனை தைராய்டு அறுவை செய்கிறார் என்று தயங்காமல் கேட்கலாம். குரல் நரம்பும் பாராதைராய்டும் தப்புவது பெரும்பாலும் கைப்பழக்கத்தைப் பொறுத்தது.

சாதாரணக் கட்டி என்று உறுதியானால், தொண்டையை அழுத்தினாலோ பார்க்க உறுத்தலாக இருந்தாலோ மட்டும் சிகிச்சை பேச்சு வரும். நீர்க்கட்டியில் நீரை உறிஞ்சி ஆல்கஹால் செலுத்துவதும், திடமான கட்டியை ஊசி வழியே வெப்பம் செலுத்திச் சுருக்குவதும் இப்போது சில இடங்களில் செய்கிறார்கள். ஒரு காலத்தில் கட்டியைச் 'சுருக்க' என்று தைராய்டு மாத்திரையை அதிக அளவில் கொடுப்பது வழக்கம். அதனால் கிடைக்கும் பயன் குறைவு, இதயத்துடிப்பு தாறுமாறாவதும் எலும்பு தேய்வதும் நிஜம். இப்போது பரிந்துரைப்பதில்லை. ஹார்மோன் குறைவாக இருந்து அதற்கு மாத்திரை சாப்பிடுவது வேறு கதை, அதை நிறுத்தக் கூடாது.

அறுவையும் வேண்டாம், சிகிச்சையும் வேண்டாம் என்று வந்த பெரும்பான்மையினருக்கு மிஞ்சுவது கண்காணிப்பு. இத்தாலியில் 992 பேரின் கட்டிகளை ஐந்தாண்டு தொடர்ந்த ஆய்வில் 15 சதவீதம் பேருக்குக் கட்டி வளர்ந்தது; தொடர்ந்து பார்த்த மொத்தக் கட்டிகளில் புற்றுநோயாகத் தெரிந்தவை 0.3 சதவீதம்தான். கட்டி வளர்ந்தாலே அது புற்றுநோய் என்று ஆகிவிடாது. அதனால் சந்தேகம் குறைந்த கட்டிக்கு ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் போதும். இரண்டு முறை ஊசி போட்டு இரண்டு முறையும் சாதாரணம் என்று வந்துவிட்டால், புற்றுநோய்ப் பயத்துக்காக மேலும் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. புதிதாக ஏதாவது தொந்தரவு வந்தால் மட்டும் போனால் போதும்.

போகும்போது கடைசி ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல், முதன்முதலில் எடுத்த ஸ்கேனின் படங்களையும் சேர்த்து எடுத்துப் போங்கள். ஒரே கட்டியை இரண்டு பேர் அளந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே வரும். அதனால்தான் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டிலாவது 20 சதவீதம், அதுவும் 2 மி.மீ.க்குக் குறையாமல் கூடியிருந்தால்தான் வளர்ச்சி என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். போன வருடம் 12 மி.மீ., இந்த வருடம் 13 மி.மீ. என்றால், பெரும்பாலும் வேறு ஒருவர் அளந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.